தங்க ஊசியும் ஒரு மூலக்கூறும்: கடத்துதிறனையும் வெப்பமின் அழுத்தத்தையும் அளப்பது எப்படி?

இரண்டு தங்க முனைகளுக்கு நடுவே ஒரே ஒரு மூலக்கூறு. அதற்குள் எவ்வளவு மின்சாரம் ஓடும் என்று, அதாவது அதன் கடத்துதிறனை, அளக்க, புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது எஸ்.டி.எம். (பரப்பை அணு அளவில் தடவிப் பார்க்கும் நுண்ணோக்கி) ஊசியைத் தங்கப் பரப்பில் தொட்டுத் தொட்டு இழுக்கும் முறையைத்தான். சூ, தாவோ என்ற ஆய்வாளர்கள் 2003-இல் செய்துகாட்டியது.

முதலில் மூலக்கூறே வேண்டாம். ஊசிக்கும் பரப்புக்கும் இடையே 100 மில்லிவோல்ட் கொடுத்து, ஊசியைத் தங்கத்தில் லேசாகக் குத்தி மெல்ல மேலே இழுங்கள். தங்கக் கழுத்து மெலிந்து மெலிந்து கடைசியில் ஓர் அணு அகலத்துக்கு வரும். அப்போது மின்னோட்டம் 7.75 மைக்ரோஆம்பியர் அருகே படிக்கட்டுபோல ஒரு கணம் நிற்கும். அதுதான் கடத்துதிறனின் குவாண்டம், ஓர் அணு அகலத் தங்கப் பாதையின் கடத்துதிறன்: 77.5 மைக்ரோசீமென்ஸ், மின்தடையாகச் சொன்னால் 12.9 கிலோஓம். இந்தப் படி சரியான இடத்தில் விழாவிட்டால் கருவியைச் சரிபார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். அணு அறுந்தபின், வெறும் தங்கத்தில் மின்னோட்டம் சரசரவென்று இறங்கும். வேறு படி எதுவும் தெரியக் கூடாது.

இப்போது நாம் அளக்கப்போகும் மூலக்கூறான 4,4'-பைபிரிடினின் கரைசலைச் சேருங்கள். அதன் இரு முனை நைட்ரஜன்களும் தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும். குவாண்டத்தில் நூறில் ஒரு பங்கு அளவில், சுமார் 77 நானோஆம்பியரில், புதிய படி தோன்றும். எல்லா இழுப்பிலும் தோன்றாது. தோன்றினாலும் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் மூலக்கூறு தங்கத்தை வேறு கோணத்தில் பிடிக்கிறது. அதனால்தான் ஆயிரக்கணக்கான இழுப்புகளை ஒரே ஹிஸ்டோகிராமில் (எந்தக் கடத்துதிறன் எத்தனை முறை வந்தது என்ற வரைபடத்தில்) சேர்க்கிறோம். அழகான வளைவுகளை மட்டும் பொறுக்கிச் சேர்க்காதீர்கள். நான் ஒருமுறை அப்படிச் செய்தேன். சிகரம் கூர்மையாக வந்தது, ஆனால் அது என் கண் தேர்ந்தெடுத்த சிகரம். வடிகட்டத்தான் வேண்டுமென்றால் விதியை முன்கூட்டியே எழுதிவைத்து, அதே விதியை வெறும் தங்கத்தின் தரவுக்கும் போடுங்கள்.

அடுத்தது வெப்பமின் அளவீடு: இரு முனைகளின் வெப்பநிலை வேறுபட்டால் எழும் மின்னழுத்தத்தை அளப்பது. தங்கப் பரப்பைச் சூடாக்கி, ஊசியை அறை வெப்பநிலையிலேயே வையுங்கள். கடத்துதிறன் குவாண்டத்தின் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கியதும் கொடுத்த மின்னழுத்தத்தை நிறுத்தி, கரண்ட் ஆம்ப்ளிஃபையரைத் துண்டித்து வோல்டேஜ் ஆம்ப்ளிஃபையரை இணையுங்கள். ஒரு கெல்வின் வித்தியாசத்துக்கு எழும் மின்னழுத்தம்தான் சீபெக் குணகம்; பென்சீன்டைதயோல் என்ற இன்னொரு மூலக்கூறுக்கு 2007-இல் கிடைத்தது கெல்வினுக்குச் சுமார் 8.7 மைக்ரோவோல்ட். 20 கெல்வின் வித்தியாசம் இருந்தாலும் மூலக்கூறின் பங்கு 0.17 மில்லிவோல்ட்தான். ஆம்ப்ளிஃபையரின் சொந்தப் பிழையே அதை விழுங்கிவிடலாம். ஆகவே 0, 10, 20, 30 கெல்வின் வித்தியாசங்களில் அளந்து, மின்னழுத்தக் கோட்டின் சாய்வைப் பாருங்கள். மாறாத பிழை சாய்வில் ஒட்டாது. இணைப்பில் உள்ள தங்கக் கம்பியும் கெல்வினுக்குச் சுமார் 2 மைக்ரோவோல்ட் தரும், அதையும் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள்.

சீபெக் குணகத்தின் எண்ணைவிட எனக்குப் பிடித்தது அதன் குறி. பென்சீன்டைதயோலுக்கு நேர்க்குறி: மூலக்கூறில் எலக்ட்ரான் நிரம்பிய ஆர்பிட்டால் (எலக்ட்ரான் இருக்கும் ஆற்றல் நிலை) தங்கத்தின் பெர்மி மட்டத்துக்கு, அதாவது தங்கத்தில் எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் ஆற்றலின் மேல் எல்லைக்கு, அருகில் இருக்கிறது. பைபிரிடினுக்கு எதிர்க்குறி: அங்கே காலி ஆர்பிட்டால்தான் அருகில். கடத்துதிறனை மட்டும் எத்தனை ஆயிரம் முறை அளந்தாலும் இந்த வேறுபாடு தெரியாது.