கலகலா: பிள்ளையோடு ஒரு கிறிஸ்துமஸ் பலகாரம்

வேலூர்க் கடைகளில் காகித நட்சத்திரங்கள் தொங்கத் தொடங்கியதும் கலகலாவுக்கு மாவு பிசையலாம். 250 கிராம் மைதா, 100 கிராம் பொடித்த சர்க்கரை, சிட்டிகை உப்பு, ஏலப்பொடி ஆகியவற்றில் 2 மேசைக்கரண்டி சூடான நெய்யை ஊற்றிப் பிசறி, தேங்காய்ப்பாலைச் சிறிது சிறிதாகத் தெளித்து, பூரி மாவைவிடச் சற்றுக் கெட்டியாகப் பிசைந்து, அரை மணி நேரம் ஈரத்துணியால் மூடி வைக்க வேண்டும்.

தேய்த்த மாவைச் சாய்சதுரங்களாக வெட்டுவது பிள்ளையின் வேலை. கத்தி வேண்டாம், கழுவித் துடைத்த அளவுகோலின் விளிம்பே போதும். கோணல்மாணலாக வந்தவற்றைத் திருத்தாதீர்கள் (அவைதான் முதலில் தீர்ந்துபோகின்றன), ஆனால் கனம் ஒன்றுபோல் இல்லாவிட்டால் மெல்லியவை கருகும்போது தடித்தவை உள்ளே வேகாது.

மிதமான தீயில் நீங்கள் பொரிக்கும் நேரத்தில், பிள்ளையை அடுப்பருகே விடாமல், ஒரு கிண்ணம் மைதாப் பசையும் வண்ணத்தாளும் கொடுத்து, வாசல் நட்சத்திரத்துக்கு வால் ஒட்டச் சொல்லலாம். பொன்னிறத்துக்குச் சற்று முன்பே எடுத்துவிடுங்கள். ஆறும்போது நிறம் கூடும்.