அம்மாவின் அளவு 555 புத்தகத்தில்

மலேசியாவில், பினாங்கின் ஜெலுத்தோங்கில் அம்மாவும் நானும் இருக்கிறோம். அம்மாவுக்கு 78 வயது. அவருடைய ரத்தப் பரிசோதனை எண்களை ஒரு 555 புத்தகத்தில், அதாவது இங்கே கடைகளில் கிடைக்கும் சின்னக் குறிப்பு நோட்டில், எழுதி வருகிறேன். உங்கள் வீட்டிலும் பெரியவர் இருந்தால் அடுத்த பரிசோதனையிலிருந்தே ஆரம்பித்துவிடுங்கள்.

முடிவுத் தாளின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் வரம்பு எப்படி வருகிறது? ஆரோக்கியமானவர்கள் குறைந்தது 120 பேரைச் சோதித்து, நடுவிலுள்ள 95 சதவீதத்தினரின் எண்களை எடுப்பது வழக்கம். எண்பதை நெருங்குகிறவருக்கு அது அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. அம்மா நன்றாக இருக்கும் நாளில் வந்த எண்கள்தான் அம்மாவின் அளவு.

காய்ச்சல், சளியோடு எடுத்ததைத் தனியாகக் குறியுங்கள். எப்போதும் ஒரே லேப், ஒரே காலை நேரம். வெறும் வயிறு என்றால் தண்ணீர் மட்டும்தான், பால் இல்லாத தேநீரான தே ஓ கூடக் கூடாது. அன்று சர்க்கரை மாத்திரை போடலாமா என்று டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தேதி, எண், அலகு, அப்போது சாப்பிடும் மருந்து, இந்த நான்கும் ஒரே வரியில் இருக்கட்டும். அலகு முக்கியம். இங்கே சர்க்கரை 6 (mmol/L) என்றால் சென்னைச் சித்தியின் தாளில் அது 108 (mg/dL).

கிரியேட்டினின் என்பது தசையில் உண்டாகிச் சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு. அம்மாவுக்கு அது முதல் மூன்று வருடம் 62, 60, 63 (µmol/L). போன வருடம் 86. தாளில் எந்தக் குறியும் இல்லை, வரம்புக்குள்தான். ஆனால் வயதானால் தசை குறையும், கிரியேட்டினினும் குறைவாகவே உண்டாகும். அதனால் சிறுநீரகம் தளர்ந்தாலும் எண் நல்லபடியாகவே தெரியலாம். புத்தகத்தை டாக்டரிடம் காட்டினேன். முதலில் மருந்து வரியைத்தான் பார்த்தார். முட்டிவலிக்கு அம்மா மருந்துக் கடையில் வாங்கித் தினமும் போட்ட வலி மாத்திரை அங்கே இருந்தது. அவர் சொல்லி நிறுத்தினோம். அப்புறம் எடுத்ததில் 66.

உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈஎஸ்ஆர் இதற்கு நேர்மாறு, வயதானால் தானாகவே கூடும். பெண்களுக்கு வயதோடு 10 கூட்டி, பாதியாக்கிப் பார்க்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. அம்மாவுக்கு 44 வரை வரும். தாளில் 20 தாண்டிக் குறி போட்டிருந்தாலும் உடனே பதற வேண்டியதில்லை.

ஹீமோகுளோபினுக்கு மட்டும் இந்தச் சலுகையைக் கொடுக்காதீர்கள். "வயசானா ரத்தம் குறையத்தான் செய்யும்" என்று எங்கள் உறவிலேயே சொல்வார்கள். பெண்களுக்கு 12க்கும் ஆண்களுக்கு 13க்கும் (g/dL) கீழே போனால், எந்த வயதானாலும் காரணத்தைத் தேடச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.