பக்கற்றிலிருந்து மூட்டை வரை: சிறிய தூள் ஆலையில் பேட்ச் தடம் வைக்கும் முறை

கொழும்பு கிராண்ட்பாஸில் ஒரு சிறிய தூள் ஆலையின் களஞ்சியப் பொறுப்பு என்னுடையது. செத்தல் மிளகாய், மல்லி, சீரகம் எல்லாம் புறக்கோட்டை ஐந்தாம் குறுக்குத் தெருவிலிருந்து லொறியில் வரும். மிளகாய்த்தூளும் கறித்தூளும் பக்கற்றாகக் கடைகளுக்குப் போகும். இதே தொழிலில் இருப்பவர்கள் என்னிடம் கேட்பது, "எந்த மென்பொருள் நல்லது?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, "உங்கள் பேட்ச், அதாவது ஒரே இலக்கம் பெறும் சரக்குத் தொகுதி, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?" இதற்குப் பதில் இல்லாமல் எதைப் போட்டாலும் கிடைப்பது இருப்புக் கணக்கு மட்டுமே. எந்த மூட்டை எந்தப் பக்கற்றுக்குப் போனது என்ற தடம் கிடைக்காது.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், எங்கள் சரக்கு அப்படி. 2005இல் பிரிட்டனில், சூடான் 1 என்ற தொழிற்சாலைச் சாயம் கலந்த மிளகாய்த்தூள் ஒரு சோஸுக்குள் போய், அந்தச் சோஸ் வேறு உணவுகளுக்குள் போய், கடைசியில் நானூறுக்கும் மேற்பட்ட பொருட்களைக் கடைத் தட்டுகளிலிருந்து எடுக்க வேண்டி வந்தது. அதே ஆண்டு ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறைக்கு வந்த விதி, யாரிடம் வாங்கினாய், யாருக்கு விற்றாய் என்ற இரண்டையும் கேட்கிறது. நடுவில் ஆலைக்குள் எந்த மூட்டை எந்தப் பக்கற்றுக்குப் போனது என்று அது நேரடியாகக் கேட்பதில்லை. ஆனால் உங்கள் நட்டத்தைத் தீர்மானிப்பது அந்த நடுப்பகுதிதான். அது தெரிந்தால் ஒரு நாள் அரைவையைத் திருப்பி அழைத்தால் போதும். தெரியாவிட்டால் மாதச் சரக்கு முழுவதும் போகும்.

சரி, பேட்ச் எது? பலர் ஒரு நாளை ஒரு பேட்ச் என்கிறார்கள். எழுத வசதிதான், ஆனால் இயந்திரத்துக்கு நாள் தெரியாது. நேற்றைய தூள் ஹொப்பரின், அதாவது சரக்கைக் கொட்டும் தொட்டியின், மூலையிலும் சல்லடையின் கீழும் ஒட்டியிருக்க, இன்று காலை செத்தலைக் கொட்டினால் இரண்டும் ஒன்றுதான். ஆகவே ஒரு முழுச் சுத்திகரிப்பிலிருந்து அடுத்த முழுச் சுத்திகரிப்பு வரை வரும் தூள்தான் ஒரு பேட்ச். சுத்தம் செய்த நேரத்தையும் செய்தவர் பெயரையும் பேட்ச் பதிவிலேயே எழுதுங்கள். இந்த ஒரு விடயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பேன்.

அப்புறம் இலக்கம். அரைத்த தூளுக்குச் சுத்திகரிப்பு எல்லை என்றால், உள்ளே வரும் சரக்குக்கு ஒவ்வொரு லொறியும் ஒரு பேட்ச். எழுத்தே வேண்டாம், வெறும் இலக்கங்கள் போதும்: 41-260312-02. 41 செத்தலுக்கு, நடுவில் ஆண்டு, மாதம், நாள், கடைசியில் அன்றைய இரண்டாவது லொறி. எங்கள் ஆலையில் சிங்களம் பேசுபவரும் தமிழ் பேசுபவரும் ஒன்றாக வேலை செய்கிறார்கள். இலக்கம் இருவருக்கும் பொது. வழக்கமான கோட் 128 பார்கோடில் தமிழ், சிங்கள எழுத்துகள் ஏறாது என்பது இன்னொரு காரணம். திகதியில் ஆண்டை முதலில் வைத்தால் ஒரே சரக்கின் பேட்ச்கள் பட்டியலில் தாமாகவே வரிசைப்படும். பின்னால் சூப்பர் மார்க்கெட்டுக்கோ வெளிநாட்டுக்கோ ஜீஎஸ்1 என்ற சர்வதேச பார்கோடு முறையின் லேபல் ஒட்ட வேண்டி வந்தால், அதில் பேட்ச் இலக்கத்துக்கு 20 எழுத்து வரைதான் இடம். சிறிதாக வைத்துக்கொள்வது நல்லது.

லேபலை மூட்டை லொறியை விட்டு இறங்கும்போதே ஒட்ட வேண்டும். நாட்டாமிமார் இறக்கி அடுக்கிவிட்டுப் போன பிறகு எது எந்த லொறியில் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஜீஆர்என், அதாவது சரக்குப் பெற்ற பற்றுச்சீட்டு, போடுபவர் தராசுக்குப் பக்கத்திலேயே நிற்கட்டும்.

மென்பொருளைப் பொறுத்தவரை, இலவசமாகத் தொடங்க, இருப்பையும் உற்பத்தியையும் பதியும் ஈஆர்பி நெக்ஸ்ட் போதும். ஓடூவும் இந்த வேலையைச் செய்யும். ஈஆர்பி நெக்ஸ்டில் பொருளைப் பதியும்போதே ‘ஹேஸ் பேட்ச் நோ’ என்ற கட்டத்தில் சரி போடுங்கள். அந்தப் பொருளில் கொடுக்கல் வாங்கல் தொடங்கிய பிறகு அதை மாற்ற விடாது. செத்தல், மல்லி மட்டுமல்ல, பக்கற் தாளின் சுருளுக்கும் இதைச் செய்யுங்கள்.

அதைவிட முக்கியமான இடம் உற்பத்தி அமைப்புகளில் இருக்கும் ‘பேக்ஃப்ளஷ்’ தெரிவு, அதாவது பாவித்த மூலப்பொருளை இருப்பிலிருந்து எதன்படி கழிப்பது என்பது. அது பிஓஎம் என்ற செய்முறைக் குறிப்பின்படி என்று இருந்தால், கறித்தூள் அரைத்து முடிந்ததும் மென்பொருள் அந்தக் குறிப்பில் உள்ள அளவையே கழித்துக்கொள்ளும். 40 கிலோ மல்லி என்று குறிப்பு சொல்லும். ஒரு மூட்டை தீர்ந்துபோய் இன்னொரு பேட்சிலிருந்து 6 கிலோ அள்ளியது அங்கே தெரியாது. உண்மையில் உற்பத்திக்கு மாற்றிய பொருளின்படி என்ற தெரிவை எடுங்கள். அப்போது 34 கிலோ ஒரு பேட்சிலும் 6 கிலோ இன்னொரு பேட்சிலும் என்று தனித்தனியாக நிற்கும். வேலை கொஞ்சம் கூடும்தான். தடம் என்பதே அந்த 6 கிலோதான்.

மீண்டும் அரைக்கும் தூளையும் மறக்காதீர்கள். சீல் சரியில்லாத பக்கற்றுகளை உடைத்து அடுத்த அரைவையில் கொட்டுவது எல்லா ஆலையிலும் நடக்கிறது. அதைத் தனிப் பொருளாக, பழைய பேட்ச் இலக்கத்தோடு உள்ளே எடுங்கள். இல்லாவிட்டால் ஒரு பழுதான பேட்ச் வாரக்கணக்கில் புதிய பேட்ச்களுக்குள் தொடர்ந்து போய்க்கொண்டே இருக்கும்.

இனிச் சோதனை. ஏதாவது ஒரு கடையில் உங்கள் பக்கற் ஒன்றை வாங்கி, அதன் இலக்கத்தை வைத்துப் பின்னோக்கிப் போங்கள். பிறகு அதில் வந்த ஒரு செத்தல் பேட்சை எடுத்து, அது போன எல்லாத் தூளும் எந்தெந்தக் கடைக்குப் போனது என்று முன்னோக்கி வாருங்கள். பிஆர்சி என்ற பிரிட்டிஷ் உணவுப் பாதுகாப்புத் தரச் சான்று நான்கு மணி நேரத்துக்குள் இது முடிய வேண்டும் என்கிறது, நல்ல அளவுகோல். கூடவே எடைக் கணக்கும் பாருங்கள். 250 கிலோ செத்தல் உள்ளே போனது, காம்பும் தூசியும் 9 கிலோ, தூள் 238 கிலோ என்றால், மீதி 3 கிலோவுக்குப் பதில் வேண்டும்: கூட்டியள்ளியதா, அரைக்கும்போது ஈரம் போனதா? தூள் 255 கிலோ என்று வந்தால், பதியாத மூட்டை ஒன்று உள்ளே போயிருக்கிறது. அங்கேயே நிறுத்தித் தேடுங்கள்.

மின்சாரம் போகும் நேரத்துக்குக் கார்பன் புத்தகம் ஒன்று இயந்திரத்தின் பக்கத்தில் இருக்கட்டும், திரையில் உள்ள அதே கட்டங்களோடு. மின்சாரம் வந்ததும் அன்றைக்கே ஏற்றிவிட வேண்டும். பதிவுகளைப் பக்கற்றின் காலாவதித் திகதி தாண்டியும் வைத்திருங்கள். தூள் டப்பாவைத் திகதி முடிந்த பிறகும் பாவிக்கும் வீடுகள் நிறைய.