மில்லிங்கில் எத்தனை டன் வரும்? லாரி சொல்வதற்கு முன் ஒரு கணக்கு

பழைய தார்ச்சாலையின் மேற்பரப்பை மெஷினால் சுரண்டி எடுக்கும் வேலைக்கு, அதாவது மில்லிங்குக்கு, எத்தனை லாரி வேண்டும் என்று தெரிய, முதலில் எடை தெரிய வேண்டும். நீளம், அகலம், ஆழம், அடர்த்தி ஆகிய நான்கு எண்கள் போதும். அவற்றில் காலை வாருவது ஆழம்தான்.

1. பரப்பளவு. 400 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம் என்றால் 2,800 சதுர மீட்டர். மேன்ஹோல் மூடிகளையெல்லாம் கழித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

2. ஆழம். திட்டத்தில் 50 மி.மீ. என்று இருக்கலாம். ஆனால் சக்கரம் ஓடி ஓடிப் பள்ளம் விழுந்த சாலையில் எல்லா இடத்திலும் 50 வராது. 15 மி.மீ. பள்ளம் இருக்கும் தடத்தில் வெட்டு 35 மி.மீ.தான். வெட்டின் ஓரத்தில் மட்டும் டேப் வைத்தால் இது கண்ணில் படாது. அதனால் வேலைக்கு முன்பே, சாலையின் குறுக்கே நூல் பிடித்துப் பல இடங்களில் பள்ளத்தை அளந்து, சராசரி வெட்டு ஆழத்தைக் கணக்கிடுங்கள். நம் உதாரணத்தில் சராசரியே 50 என்று வைத்துக்கொள்வோம்.

3. எடை. இறுகிய தார்க்கலவை ஒரு கன மீட்டருக்குச் சுமார் 2.3 முதல் 2.4 டன் இருக்கும். கோர் (சாலையைத் துளைத்து எடுக்கும் உருளை வடிவ மாதிரி) எடுத்த ஆய்வறிக்கை கையில் இருந்தால் அதிலுள்ள எண்ணையே போடுங்கள். இங்கே 2.35.

2,800 × 0.05 = 140 கன மீட்டர்
140 × 2.35 = 329 டன்

ஆழத்தில் 5 மி.மீ. பிசகினால் சுமார் 33 டன் மாறும். அடர்த்தியை 2.4 என்று போட்டாலோ 7 டன்தான் கூடும். எதற்கு அதிகம் மெனக்கெட வேண்டும் என்று இதிலேயே தெரிகிறது.

4. லாரி. 20 டன் ஏற்றும் லாரி என்றால் 17 நடை என்று சொல்லத் தோன்றும். பொறுங்கள். சுரண்டிய பொருள் உதிரியாகி உப்பும். 30 சதவீதம் உப்பினால் 140 கன மீட்டர் 182 ஆகிவிடும். லாரித் தொட்டி 10 கன மீட்டர்தான் என்றால் 18 டன்னிலேயே நிரம்பிவிடும். 19 நடை தேவை. எடைக்கு ஒன்று, கொள்ளளவுக்கு ஒன்று என இரண்டு கணக்கும் போட்டு, எது அதிகமோ அதை எடுங்கள்.

கடைசியாக, முதல் சில லாரிகளின் எடைமேடைச் சீட்டை, அதுவரை வெட்டிய பரப்போடு ஒப்பிடுங்கள். மெஷினின் சுரண்டும் டிரம்மில் தெளிக்கும் தண்ணீரும் எடையில் சேரும் என்பதால் சீட்டு கொஞ்சம் கூடக் காட்டினால் பதற வேண்டாம். நிறையக் கூடினால், மீண்டும் ஆழத்தை அளந்து பாருங்கள்.