ஐரோப்பியர்களின் இன அடையாளம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐரோப்பாவைப் பற்றிப் பேசும்போது நாட்டின் பெயரையே இனத்தின் பெயராக வைத்துவிடுகிறோம். அதிகம் நடக்கும் தவறு இதுதான். வடக்கு இத்தாலியின் தென் டிரோலில் போய், "நீங்கள் எல்லாம் இத்தாலியர்தானே" என்று கேட்டால் பலர் முகம் சுளிப்பார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு ஆஸ்திரியாவிடமிருந்து இத்தாலியிடம் போன பகுதி அது. அங்கே பெரும்பான்மையோரின் வீட்டு மொழி ஜெர்மன். தலைநகரின் பெயர்ப்பலகையில் போல்சானோ, போட்சன் என்று இரண்டு பெயர்களும் இருக்கும். ருமேனியாவில் வாழும் ஹங்கேரியர்களின் கதையும் இதேதான். ஹங்கேரியின் நிலத்தைப் பிரித்துக் கொடுத்த 1920 டிரியானான் ஒப்பந்தத்தில் எல்லைதான் நகர்ந்தது, ஆட்கள் நகரவில்லை.

சரி, மொழியை வைத்துப் பிரிக்கலாமே என்றால் போஸ்னியாவில் அதுவும் எடுபடாது. அங்கே சிகரெட் பெட்டியில் 'புகைப்பது கொல்லும்' என்ற எச்சரிக்கை போஸ்னியன், குரோவேஷியன், செர்பியன் என மூன்று மொழிகளில் அச்சாகும். முதல் இரண்டு வரிகளும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். மூன்றாவதிலும் அதே சொற்கள், ரஷ்ய மொழிக்கும் பயன்படும் சிரிலிக் எழுத்தில். அங்குள்ள மூன்று இனங்களைப் பிரிப்பது பரம்பரையாக வந்த மதம்: போஸ்னியாக்குகள் முஸ்லிம்கள், செர்பியர்கள் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள், குரோவேஷியர்கள் கத்தோலிக்கர்கள். கடவுள் நம்பிக்கையே இல்லாதவரும் பெரும்பாலும் குடும்பம் சார்ந்த பக்கத்தில்தான் எண்ணப்படுகிறார். அதனால் 1992 முதல் 1995 வரை நடந்த போரை வெறும் மதச் சண்டை என்று எழுதிவிடாதீர்கள். போஸ்னியாவும் சேர்ந்திருந்த யூகோஸ்லாவியா உடைந்தபோது எந்த நிலம் யாருக்கு என்பதற்காக நடந்த போர் அது.

போரை முடித்த டேட்டன் உடன்பாடு இந்தப் பிரிவினையை அரசியல் சட்டத்திலேயே ஏற்றிவிட்டது. நாட்டின் தலைமைப் பதவியில் மூன்று பேர், இனத்துக்கு ஒருவர். யூதராகவோ ரோமாவாகவோ (ஐரோப்பாவில் பல நாடுகளில் வாழும் சிறுபான்மை இனம்) தன்னைச் சொல்லிக்கொள்பவர் போட்டியிட முடியாது. டெர்வோ செய்டிச் என்ற ரோமாவும் யாக்கோப் ஃபின்ட்சி என்ற யூதரும் வழக்குப் போட்டார்கள். இது பாகுபாடு என்று 2009-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகும் தேர்தல்கள் பழைய விதிப்படியே நடந்திருக்கின்றன. சொந்த மண்ணின் குடிமகனை இப்படி ஒதுக்கி வைப்பது பெரிய அநியாயம்.

ரோமாக்களை 'ஜிப்சி' என்று எழுதுவதை விட்டுவிடலாம். அவர்களில் பலருக்கு அது வசைச்சொல். எல்லோரும் நாடோடிகள் என்பதும் தவறு, பெரும்பாலோர் தலைமுறைகளாக ஒரே ஊரில் குடியிருப்பவர்கள். அவர்கள் மொழியின் வேர் இந்தியாவில் இருக்கிறது. யேக், துய், த்ரின், ஷ்தார், பாஞ்ச் என்று அவர்கள் எண்ணுவதைக் கேட்டாலே இந்தி தெரிந்தவர்களுக்குப் புரிந்துவிடும். அதற்காக அவர்களை "நம்ம இந்தியர்கள்" என்று உரிமை கொண்டாடுவதும் சரியில்லை. முன்னோர்கள் கிளம்பி ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன.

ஐரோப்பாவில் முஸ்லிம் என்றாலே குடியேறி வந்தவர் என்று நினைப்பதும் உண்டு. போஸ்னியாக்குகளையும் அல்பேனியர்களையும், போலந்திலும் லித்துவேனியாவிலும் நூற்றாண்டுகளாக வாழும் தாத்தார் (Tatar) இன முஸ்லிம்களையும் மறந்தால்தான் அப்படி எழுத முடியும்.

அப்புறம் இன விகித எண்கள். பிரிட்டன் தன் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1991 முதல் இனத்தைக் கேட்கிறது. பிரான்ஸ் கேட்பதே இல்லை, சட்டப்படி குடிமக்கள் எல்லோரும் பிரெஞ்சுக்காரர்கள். இரண்டு நாடுகளின் இன விகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்ட படம் வாட்ஸ்ஆப்பில் வந்தால், பிரான்சின் எண்ணை எங்கே எடுத்தார்கள் என்று கேட்டுவிட்டுப் பகிருங்கள்.