4440 ஆம்ப்ளிஃபையரில் உர்ர்ர் சத்தமா? கெபாசிட்டர் வாங்க ஓடாதீர்கள்

4440 ஐசி (பாட்டின் சிக்னலைப் பெருக்கும் சிப்) வைத்த ஸ்டீரியோ போர்டு, 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர், இரண்டு டயோடு, ஒரு கெபாசிட்டர் எல்லாம் வாங்கி மாட்டியாச்சு, பாட்டும் நன்றாகப் பாடுகிறது, ஆனால் பாட்டை நிறுத்தினால் ஸ்பீக்கரில் உர்ர்ர் என்று ஒரு சத்தம் நிற்காமல் வருகிறது. யாரைக் கேட்டாலும் "பெரிய கெபாசிட்டர் போடு" என்பார்கள். பாதி நேரம் அது வீண் செலவு. சத்தம் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று முதலில் பாருங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு பக்கம் 230 வோல்ட். பிளக்கைப் பிடுங்காமல் எதையும் கழற்றவோ சால்டர் வைக்கவோ கூடாது.

முதலில் ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். அப்போதும் சத்தம் கேட்டால் அதிர்வது டிரான்ஸ்ஃபார்மரின் தகடுகள். ஆஃப் செய்து போல்ட்டை இறுக்குங்கள், அவ்வளவுதான்.

அடுத்து ஸ்பீக்கரை மாட்டி, வால்யூமைப் பூஜ்யத்துக்குக் குறையுங்கள். எல்லாவற்றையும் விட முக்கியமான சோதனை இதுதான்.

சத்தம் அடங்கிவிட்டால் கோளாறு வால்யூம் கண்ட்ரோலுக்கு முன்னால், அதாவது இன்புட் பக்கம். லேப்டாப்பில் பாட்டு கேட்கிறீர்கள் என்றால் அதன் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டதா? கிரவுண்ட் லூப், அதாவது லேப்டாப்பும் ஆம்ப்ளிஃபையரும் இரண்டு வழியாக எர்த்தில் சேர்ந்து ஒரு சுற்றாகிவிட்டது. 1:1 ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை இரண்டுக்கும் இடையில் போடலாம். பிளக்கின் எர்த் பின்னை வெட்டும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். சார்ஜர் காரணம் இல்லையென்றால், இன்புட் சாக்கெட்டின் நடுப் பின்னையும் வெளி வளையத்தையும் ஷார்ட் செய்து வால்யூமை ஏற்றுங்கள். சத்தம் இல்லையென்றால் வெளியில் இருந்து வரும் கேபிளைச் சந்தேகப்படுங்கள், இருந்தால் உள்ளே போகும் வயரை ஷீல்டு வயராக மாற்றுங்கள். வால்யூம் கண்ட்ரோலின் உலோக உடம்பைத் தொட்டால் சத்தம் மாறுகிறதா? அதிலிருந்து கிரவுண்டுக்கு (போர்டின் மைனஸுக்கு) ஒரு வயர் இழுத்துவிட்டால் சரி.

வால்யூம் பூஜ்யத்திலும் சத்தம் அப்படியே இருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தைக் கழற்றிவிட்டு 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், ஃபியூஸ் போட்டு. பேட்டரியிலும் உறுமினால் போர்டில் சால்டரிங்கைப் பாருங்கள். நின்றுவிட்டால் இரண்டு சந்தேகம் மிச்சம்.

முதல் சந்தேகம், டயோடு. இரண்டும் வேலை செய்தால் கெபாசிட்டருக்கு நொடிக்கு 100 தடவை சார்ஜ் கிடைக்கும், ஒன்று போய்விட்டால் 50 தடவைதான், சத்தமும் இன்னும் தடித்துக் கேட்கும். டயோடு நன்றாக இருந்து, போட்டிருப்பது 1000 மைக்ரோஃபாரட் என்றால் மட்டும் 4700-க்கு மாறுங்கள். 1 ஆம்பியர் இழுக்கும்போது 4700 போட்டாலே சப்ளை வோல்டேஜ் சுமார் 2 வோல்ட் ஏறி இறங்கும்.

இரண்டாவது, மைனஸ் வயரிங். பெரும்பாலும் கோளாறு இருப்பது இங்கேதான். டயோடுகள் அலையின் உச்சியில் மட்டும் கொஞ்ச நேரம் திறப்பதால், கெபாசிட்டருக்குப் போகும் கரண்ட் சீராக இல்லாமல் பெரிய பெரிய துடிப்பாகப் பாய்கிறது. அந்தத் துடிப்பு ஓடும் வயரிலேயே இன்புட் கிரவுண்டையும் சேர்த்திருந்தால், வயரில் விழும் ஓரிரு மில்லிவோல்ட்டையும் ஐசி பாட்டு என்று நினைத்துப் பெருக்கிவிடும், அதுவும் 300 மடங்குக்கு மேல். அதனால் டிரான்ஸ்ஃபார்மரின் நடு வயர் (12-0-12-ல் 0) நேராகக் கெபாசிட்டரின் மைனஸுக்குப் போகட்டும். அங்கிருந்து போர்டுக்கு ஒன்று, ஸ்பீக்கர்களுக்குத் தனியாக. இன்புட் கிரவுண்ட் போர்டின் இன்புட் பக்க மைனஸில் மட்டும் சேரட்டும். இரும்புப் பெட்டி என்றால் சாக்கெட்டின் வளையம் பெட்டியைத் தொடாமல் பிளாஸ்டிக் வாஷர் போடுங்கள், பெட்டிக்கு ஒரே இடத்தில் கிரவுண்ட் போதும்.

இதற்கும் மசியாவிட்டால் டிரான்ஸ்ஃபார்மரின் போல்ட்டைக் கழற்றி, அதை வால்யூம் கண்ட்ரோலிலிருந்து தள்ளி வைத்து மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு தடவை திருப்பும்போதும் ஆஃப் செய்துவிட்டுத்தான். எந்தக் கோணத்தில் சத்தம் குறைகிறதோ, அங்கேயே துளை போட்டு முடுக்கிவிடுங்கள்.