காசில் எழுத்து ரெண்டாகத் தெரிந்தால் எப்படிச் சோதிப்பது?

பாளையங்கோட்டையில் டீக்கடை மிச்சமாக வந்த ஒரு ரூபாயில் எழுத்து இரட்டையாகத் தெரிகிறதா? முதலில் செல்போன் டார்ச்சை அணையுங்கள். அந்த ஒற்றை வெளிச்சம் மேடான எழுத்தின் விளிம்பில் பட்டு, இன்னொரு கோடு ஓடுவது போலப் பளபளக்கும். நேர்வெயில் படாத ஜன்னலோரத்தில் 10 மடங்கு லென்ஸை வைத்துக்கொண்டு, காசை மெல்ல ஒரு முழுச்சுற்று திருப்புங்கள். இரண்டாவது கோடு இடம் மாறினாலோ மறைந்தாலோ அது நிழல்தான்.

நகராமல் நின்றால், எழுத்து தடித்திருக்கிறதா, மெலிந்திருக்கிறதா என்று பாருங்கள். பாதி விடை அதில் இருக்கிறது.

டபுள் டை என்பது காசை அடிக்கும் அச்சிலேயே நேர்ந்த பிழை. அச்சு செய்யும்போது மூல உருவை அதில் ஒரு தடவைக்கு மேல் அழுத்தி, அடுத்த அழுத்து இம்மி விலகினால் எழுத்து இரண்டாகப் பதியும். காசில் இரண்டுமே மேடாக, உருண்டு நிற்கும். எழுத்து வழக்கத்தைவிடத் தடிக்கும். எழுத்தின் கால்முனையில் மீன்வால் மாதிரி சின்னப் பிளவு தெரியும். 1955 அமெரிக்க சென்ட்டில் லிங்கன் பக்கத்து ஆண்டும் எழுத்தும் வெறுங்கண்ணுக்கே இரட்டை, மறுபக்கம் ஒற்றைதான். ஒரே அச்சில் அடித்த எல்லாக் காசிலும் பிழை ஒரே இடத்தில், ஒரே மாதிரி இருக்கும்.

ஆளை அதிகம் ஏமாற்றுவது மெஷின் டபுளிங். அடி விழுந்த கணத்தில் தளர்ந்த அச்சு நகர்ந்து, பதிந்த எழுத்தின் ஓரத்தை நசுக்கிவிடும். அந்த இரண்டாவது உருவம் தட்டையாக, படிக்கட்டுபோலத் தாழ்ந்து கிடக்கும், எழுத்து மெலியும். டபுள் டைபோல இதற்குச் சேகரிப்பாளர்களிடம் தனி விலை கிடையாது. சந்தேகமென்றால் அதே ஆண்டு, அதே நாணயச்சாலைக் குறியுள்ள நல்ல காசைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஆண்டுக்குக் கீழே வைரம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், வட்டப் புள்ளி நொய்டா. குறியே இல்லாவிட்டால் கொல்கத்தா.

எழுத்தோரம் உப்பிக் கரைந்த மாதிரியும், எழுத்தில்லாத வெற்றுப்பரப்பு ஆரஞ்சுத்தோல் போலவும் இருந்தால் தேய்ந்த அச்சு. காசின் ஸ்டீல் கடினமானது, அச்சைச் சீக்கிரம் தின்னும்.

தாமிரபரணியின் பாபநாசம், குறுக்குத்துறைப் படித்துறைகளில் எடுத்த காசில் இன்னும் கவனம் வேண்டும். ஆற்றுமணல் உரசி எழுத்து மழுங்கியிருக்கும். அடியோரம் அழுக்கு இறுகி, இரண்டாவது எழுத்துபோலக் கறுப்பாகத் தெரியும். புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், நிஜமான டபுள் டையாக இருந்தாலும் மதிப்பு போய்விடும். நல்ல தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய துணியால் ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி லென்ஸில் பாருங்கள்.